நியூட்ரலுக்கு நழுவிய ஏஎம்டி: ஒரு சிறுகாரின் பழுதுபார்ப்புக் குறிப்பு

கடந்த ஆறு வாரங்களாக என் வண்டி ஒருமுறைகூட ஓட்டத்தின் நடுவே நியூட்ரலுக்குப் போகவில்லை. அவற்றுள் நான்கு வாரங்கள் விட்டுவிட்டு மழை பெய்த வாரங்கள் என்பதால், பழுது நீங்கிவிட்டது என்று நம்பி இதை எழுதுகிறேன். அதற்கு முந்தைய ஒன்பது வாரங்களில் நான் எங்கெங்கே தவறான இடத்தில் தேடினேன் என்பதையும் மறைக்காமல் எழுதுவதே முறை. இதே வகை வண்டி வைத்திருப்பவருக்கு அந்தத் தவறுகள்தாம் அதிகம் பயன்படும்.

வண்டி ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர் ஏஎம்டியும் கொண்ட சிறிய நகர வண்டி. தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரம், 14 அங்குலச் சக்கரங்கள், சக்கர வளைவுகளைச் சுற்றியும் கதவுகளின் அடியிலும் கறுப்பு பிளாஸ்டிக் கிளாடிங் என்று, பார்வைக்குக் காட்டுப்பாதையில் ஓடப் பிறந்தது போலிருக்கும். பழுது தொடங்கியபோது 52,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஏஎம்டி என்பது அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். இந்த வண்டியில், கிளட்சை விலக்குவதையும் கியரை மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக, ஒரு சிறு மின் பம்ப் உண்டாக்கும் எண்ணெய் அழுத்தம் செய்துவிடுகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்தவுடன் முன்பக்கத்திலிருந்து சில நொடிகள் ஓர் இரைச்சல் கேட்கும்; பம்ப் அழுத்தம் ஏற்றிக்கொள்ளும் ஒலி அது. இதற்குமேல் கோட்பாடு தேவையில்லை.

முதல்முறை அது நடந்தது ஒரு மழை மாலையில், மேம்பாலத்தின் ஏற்றத்தில். முகப்பு விளக்குகள், ஏசி, வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி ஆகிய நான்கும் ஓடிக்கொண்டிருக்க, வண்டிகள் நகர்ந்து நகர்ந்து நின்றன. முன்வண்டி நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினேன்; எஞ்சின் மட்டும் உறுமியது, வண்டி அசையவில்லை. மீட்டரில் 1 என்று இருக்க வேண்டிய இடத்தில் N என்ற எழுத்து விட்டுவிட்டு மின்னியது. பின்னால் வண்டிகள் நெருங்கி நின்ற அந்த ஏற்றத்தில், பிரேக்கை முழுக்க அழுத்தி, லீவரை N-க்கும் D-க்கும் மூன்று முறை மாற்றியபின்தான் கியர் விழுந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் இதே போல் ஐந்து முறை நடந்தது. காய்ந்த நாட்களில் பெரும்பாலும் வரவில்லை, காலையிலும் வரவில்லை. இந்த இரண்டையும் குறிப்பேட்டில் எழுதியிருந்தும், அவை என்ன சொல்கின்றன என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பார்த்த மெக்கானிக் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்றார். ஐம்பதாயிரம் கடந்த ஏஎம்டி, நெரிசலில் ஓடிய வண்டி, ஏற்றத்தில் வந்த பழுது என்று மூன்றும் சேர்ந்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கிளட்ச் மாற்றுவது கியர்பாக்ஸை இறக்கும் வேலை என்பதால், முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்க விரும்பினேன். காலியான சமதளச் சாலையில், மேனுவல் நிலையில் மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், தேய்ந்த கிளட்ச் வழுக்கும். எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. என் வண்டியில் இரண்டும் சேர்ந்தே ஏறின. நான்கு முறை செய்தும் அதே விடை கிடைத்ததால், கிளட்சைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். இந்த ஒன்பது வாரங்களில் நான் எடுத்த முதல் சரியான முடிவு அது.

அடுத்து பிரேக் சுவிட்சைச் சந்தேகித்தேன். ஏஎம்டியில் பிரேக்கை மிதித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும், நியூட்ரலிலிருந்து கியருக்கும் போகும். மிதித்திருப்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்வது பெடலின் மேலுள்ள அந்தச் சிறிய சுவிட்ச். அது விட்டுவிட்டு வேலை செய்தால் இப்படி ஆகலாம் என்று நினைத்து, தலையை டாஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, கால் திருப்பில் கழன்றுவந்த பழைய சுவிட்சை எடுத்துப் புதியதைப் பொருத்தினேன். அதன்பின் ஒன்பது நாட்கள் வண்டி சரியாக ஓடியது. அந்த ஒன்பது நாட்களும் மழையே இல்லை என்பதைப் பத்தாம் நாள் மாலை, கொட்டும் மழையில் N மீண்டும் மின்னியபோதுதான் கவனித்தேன். பழைய சுவிட்சை மல்டிமீட்டரில் வைத்து ஐம்பது முறை அழுத்திப் பார்த்தேன்; ஒருமுறைகூடத் தவறவில்லை. கழற்றுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை அது.

மூன்றாவதாக நான் செய்ததுதான் பெருந்தவறு. பம்பின் எண்ணெய்க் கலத்தில் அளவு குறைவாகத் தெரிந்தது. மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே, கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. அந்த அமைப்புக்கென்று குறிப்பிடப்பட்ட எண்ணெயையே வாங்கி, மேல்கோடு வரை ஊற்றினேன். பம்ப் அழுத்தம் ஏற்றும்போது எண்ணெயின் ஒரு பகுதி கலத்திலிருந்து வெளியேறி அழுத்தக் குப்பிக்குள் போய்விடுகிறது. அழுத்தம் வடிந்தால் அது கலத்துக்கே திரும்பி வருகிறது. ஆகவே அழுத்தம் ஏறிய நிலையில் பார்த்தால் கலம் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். இது தெரியாமல் நான் ஊற்றிய எண்ணெய், இரவில் அழுத்தம் வடிந்ததும் மூடியின் காற்றுத் துளை வழியாகக் கசிந்து கியர்பாக்ஸின் மேல் ஒழுகியிருந்தது.

இதைச் சரிபார்க்கும்போது ஒரு சிக்கல் எழுந்தது. பானெட்டைத் திறக்கும் இழுப்பான் வண்டிக்குள் இருக்கிறது. அதை எட்டக் கதவைத் திறந்தால் பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றிவிடும், அளவு மீண்டும் இறங்கிவிடும். எனவே முந்தைய இரவே பானெட்டின் பூட்டை விடுவித்து, முழுவதும் மூடாமல் விட்டு, காலையில் கதவைத் தொடாமலேயே திறந்து பார்த்தேன். எண்ணெய் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, கழுத்து வரை நின்றது. ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்சில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி மூன்று முறை உறிஞ்சி, ஏறத்தாழ 60 மில்லி வெளியே எடுத்ததும் அளவு சரியானது. அதாவது முதலிலேயே அது குறையவில்லை. பட்டறைகளில் ஸ்கேனர் மூலம் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர்கள் கலத்தைத் தொடாமலிருப்பதே நல்லது.

இந்தக் கட்டத்தில்தான் பழுதுக் குறியீட்டைப் படிக்க முனைந்தேன். என்னிடமிருந்த மலிவான ஓபிடி கருவி எஞ்சினின் குறியீடுகளை மட்டுமே படித்தது. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியுடன் அதனால் பேச முடியவில்லை. ஆனாலும் அது பி0562 என்ற ஒன்றைக் காட்டியது. வண்டியின் மின்னழுத்தம் குறைந்தது என்பதற்கான பொதுக் குறியீடு அது. பேட்டரிதான் குற்றவாளி என்று உடனே முடிவு செய்து, நண்பரின் வண்டியிலிருந்த, ஓராண்டே ஆன பேட்டரியை வாங்கிப் பொருத்தி ஒரு வாரம் ஓட்டினேன். மழை வந்த முதல் மாலையே N மின்னியது. என் பேட்டரியைச் சுமையேற்றிச் சோதித்த கடையிலும் அது நலமாக இருப்பதாகவே சொன்னார்கள்.

பேட்டரி நலம், ஆனால் மின்னழுத்தம் குறைகிறது என்றால், இடையிலுள்ள கம்பிகளில் எங்கோ தொலைகிறது என்பதுதான் பொருள். அன்றே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கியர்பாக்ஸின் உலோக உடலுக்கும் இடையே அளந்தேன். 0.3 ஓம் காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.3தான். ஆகவே பேட்டரியின் மைனஸைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் எர்த் ஒயர் குறையில்லாதது என்று குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டேன். அந்த ஒரு வரி என்னை மேலும் பத்து நாட்கள் சுற்றவைத்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் இடத்தில், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடையே ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும்; அவ்வளவு சிறிய தடையை ஓம் நிலையில் எந்தச் சாதாரண மீட்டராலும் பார்க்க முடியாது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தக் கம்பியின் இரு முனைகளுக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்றுதான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைக் கழற்றினால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுழலும். மீட்டர் நிதானமாக எண்ணைக் காட்ட நேரம் கிடைக்கும். சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, லீவரை N-ல் வைத்தேன். சிவப்பு முனையைக் கியர்பாக்ஸின் ஒரு போல்ட் தலையிலும், கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கம்பத்திலும் (கம்பத்தை இறுக்கும் கவ்வியில் வைத்தால், கவ்விக்கும் கம்பத்துக்கும் இடையே தொலைவது கணக்கில் வராது) வைத்து, அவற்றை அழுத்திப் பிடித்தபடி மீட்டரைப் படிக்க மகளிடம் சொல்லிவிட்டு, நான்கு நொடி சாவியைத் திருப்பினேன். "ஒண்ணு புள்ளி ஆறு, அப்பா" என்றாள். 0.2-க்குள் இருக்க வேண்டியது, 0.5-ஐத் தாண்டினாலே பார்த்தாக வேண்டும். 1.6 வோல்ட் ஒரு துண்டுக் கம்பியில் தொலைந்துகொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட்டர் சற்றுச் சோம்பலாகச் சுழல்வதை நான் பல மாதங்களாக வண்டியின் வயதின்மேல் போட்டு வந்ததும் அப்போது நினைவுக்கு வந்தது.

ஃபியூஸைத் திரும்பப் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கு, ஏசி, வைப்பர், பின்கண்ணாடிச் சூடேற்றி எல்லாவற்றையும் போட்டேன். "இப்போ மைனஸ் வருது அப்பா, மைனஸ் புள்ளி நாலு அஞ்சு" என்றாள் மகள். அந்த மைனஸ் குறிதான் முழுக் கதையையும் விளக்கியது. ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்சாரம் எஞ்சினிலிருந்து பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது. எஞ்சின் ஓடும்போதோ, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் எஞ்சின்மேல் இருப்பதால், விளக்குக்கும் விசிறிக்கும் போன மின்சாரம் வண்டியின் உடல் வழியாக வந்து, அதே எர்த் ஒயரில் எதிர்த்திசையில் ஏறி ஆல்டர்னேட்டரை அடைகிறது. சுமை கூடக்கூட அந்த ஒயரில் இழப்பும் கூடும். ஆல்டர்னேட்டரின் மேல் நேரடியாக அளந்தபோது 14.3 வோல்ட், அதே நேரத்தில் பேட்டரியின் முனைகளில் 13.7 மட்டுமே. எனக்குப் பழுது வந்ததும் பெரும்பாலும் எல்லாச் சுமையும் சேரும் மழை மாலைகளில்தான். ஒயரைக் கையால் மெல்ல அசைத்தபோது மைனஸ் 0.45 ஒரு கணம் மைனஸ் 1.1 ஆகி இறங்கியது. பம்ப் மோட்டாரும் அந்த நேரத்தில் இழுத்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி பாதுகாப்புக் கருதிக் கியரை விடுவித்துவிடுவதில் வியப்பில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1989-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 என்ற பந்தயக் காரில்தான், ஓட்டுநர் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டியரிங்கின் பின்னிருந்தே மாற்றும் மின்-எண்ணெய் கியர் முறை ஃபார்முலா 1 பந்தயத்துக்கு வந்தது. பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்தை நைஜல் மான்செல் அந்தக் காரில் வென்றார். அதற்கடுத்த பந்தயங்களில் அது மீண்டும் மீண்டும் பாதியில் நின்றது. எல்லோரும் கியர்பாக்ஸைப் பழித்தார்கள். ஆராய்ந்தபோது, எஞ்சினின் அதிர்வில் ஆல்டர்னேட்டரின் பெல்ட் கழன்று, மின்சாரம் போதாமல் கியர் முறை செயலிழந்தது பெரும் காரணமாக இருந்தது தெரிந்தது. என் சிறு வண்டியின் முன் உட்கார்ந்து இதை நினைத்தபோது, ஒன்பது வாரம் அலைந்த களைப்பு சற்றுக் குறைந்தது.

ஒயரைக் கழற்றும் வேலைக்கு 10, 12 மில்லிமீட்டர் சாக்கெட்டுகளும் ஒரு நீட்டிப்புத் தண்டும் போதுமாயிருந்தன. முதலில் மைனஸ், பிறகு பிளஸ், பிறகு பேட்டரி, அதன் தட்டு என்று வரிசையாக எடுத்ததும், இடது சக்கரத்துக்கு மேலே, கியர்பாக்ஸில் போல்ட் செய்யப்பட்ட ஒயரின் முனை தெரிந்தது. ஒயரின் முனையிலுள்ள உலோக வளையமான லக் முழுவதும் பச்சை பூத்திருந்தது. போல்ட்டைத் திருப்பியபோது மாவு போலப் பொடி உதிர்ந்தது. ஒயரின் ரப்பர் உறையைக் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பார்த்தேன்: செம்பு இழைகள் முதல் நான்கு சென்டிமீட்டருக்குக் கருத்துப்போய், லக்கின் கழுத்தில் பாதி இழைகள் அறுந்திருந்தன; மீதி இழைகளை நகத்தால் தொட்டதும் ஒடிந்தன.

அப்போதும் ஒரு தவறு செய்தேன். கடை மூடியிருந்ததால், கருத்த பகுதியை வெட்டிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சாதாரண இடுக்கியால் புதிய லக்கை நசுக்கிப் பொருத்தினேன். 1.6 வோல்ட் 0.5 ஆக இறங்கியது, நிறைவடைந்தேன். எட்டு நாட்களில், இரண்டு மழைக்குப்பின், அது 0.9 ஆகிவிட்டது. இடுக்கியால் நசுக்கிய லக்குக்குள் காற்றும் ஈரமும் போக இடமிருக்கும். உறைக்குள் கருமையும் நான் வெட்டிய இடத்தைத் தாண்டிப் பரவியிருந்தது.

இரண்டாம் முறை முழு ஒயரையும் மாற்றினேன். பழையதன் குறுக்குவெட்டுப் பரப்பு 16 சதுர மில்லிமீட்டர்; புதியதை 25 சதுர மில்லிமீட்டரில், எஞ்சின் அசைவுக்கு இடம்கொடுத்து 45 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டினேன். வெள்ளீயம் பூசிய செம்பு லக்குகளை, கடனாகப் பெற்ற ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவியில் அறுகோணமாக அழுத்தி, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயைச் சூடுகாட்டி இறுக்கினேன். பசை உருகி ஓரத்தில் முத்துப்போல் வெளிவந்தால்தான் நீர் புகாது. கியர்பாக்ஸில் லக் உட்காரும் வட்டத்தை, அலுமினியம் வெள்ளையாக மின்னும்வரை கம்பி பிரஷால் தேய்த்தேன். போல்ட்டை 20 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, அதன்பின் மேலே வாசலின் பூசினேன். மூன்றரை மணிநேர வேலை. ஒயர், லக், குழாய் எல்லாம் சேர்ந்து, கிளட்ச் மாற்றச் சொல்லப்பட்ட தொகையில் நூற்றில் மூன்று பங்குக்கும் குறைவு. தேவையில்லாமல் வாங்கிய சுவிட்சும் எண்ணெயும்தான் இதைவிட அதிகம்.

ஸ்டார்ட்டர் சுழலும்போது இழப்பு 0.14 வோல்ட். எல்லாச் சுமையோடும் மைனஸ் 0.04. பேட்டரி முனையில் 14.1. பேட்டரியைக் கழற்றியிருந்ததாலோ என்னவோ, முதல் சில கிலோமீட்டருக்குக் கியர் மாற்றம் சற்று முரடாக இருந்து, பிறகு தானே படிந்தது.

ஈரம் அங்கே எப்படிப் போனது என்பதையும் பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் உட்புற பிளாஸ்டிக் உறையில் மூன்று கிளிப்புகள் இல்லை; முன்பு பம்பரைக் கழற்றியபோது போயிருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகச் சக்கரம் வாரியடித்த சேறு, கிளாடிங்கின் பின்புறத்தில் தங்கி, ஒயரின் முனைக்கு நேர்கீழே இரண்டு கைப்பிடி அளவு ஈர மண்ணாகச் சேர்ந்திருந்தது. கறுப்பு பிளாஸ்டிக் கல்லடியிலிருந்து பெயின்ட்டைக் காக்கிறது. பின்னால் தங்கும் சேற்றைக் கண்ணிலிருந்தும் மறைத்துவிடுகிறது. உயரமான வண்டி என்ற துணிவில் தேங்கிய நீரில் நான் தயங்காமல் இறக்கியதும் இதற்குக் காரணம். கிளிப்புகளைப் புதிதாகப் போட்டேன். மண்ணை அழுத்தம் குறைந்த நீரால் கழுவினேன். இனி ஆண்டுக்கு ஒருமுறை அந்த உறையைக் கழற்றிக் கழுவுவேன்.

மீண்டும் இப்படி ஒரு பழுது வந்தால், எந்த உதிரியையும் வாங்கும் முன் சுமையோடு எர்த் இழப்பை அளப்பேன். பிளஸ் பக்கத்தையும் அதே முறையில் அளப்பேன். குறிப்பேட்டில் வானிலையையும் எந்தெந்தச் சுவிட்ச் போட்டிருந்தது என்பதையும் முதல் நாளிலிருந்தே தனிப்பத்தியில் எழுதுவேன். அளவெடுத்த நாளையும் 0.14, 0.04, 14.1 என்ற மூன்று எண்களையும் ஒரு வெள்ளை ஒட்டுத்தாளில் எழுதி, பேட்டரித் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். நேற்று மழை விட்டபின் மீண்டும் அளந்து, 0.15 என்று அதற்குக் கீழே எழுதினேன்.